ஆன்லைன் விளையாட்டில் யாரோ செய்யும் தப்புக்கு, அதை நடத்துபவர் கோர்ட் படி ஏற வேண்டுமா?

நடத்துபவர் என்றால் பெரிய கம்பெனி மட்டும் இல்லை. சர்வரை வாடகைக்கு எடுத்துப் பத்துப் பேரை ஆடவிடுபவரும் அதில் அடக்கம். சட்டப் பொறுப்பு என்பது, ஒருவருக்கு ஏற்பட்ட பாதிப்புக்கு உங்களைப் பதில் சொல்ல வைக்க முடியுமா என்பதுதான்.

சாட்டில் ஒருவர் இன்னொருவரை மிரட்டினால், குற்றவாளி மிரட்டியவர்தான். வந்து குவியும் அத்தனை வரிகளையும் யாராலும் உடனுக்குடன் படித்துவிட முடியாது. அதனால்தான் அமெரிக்காவில் 1996-ல் வந்த தகவல்தொடர்பு கண்ணியச் சட்டத்தின் 230-வது பிரிவும், இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவும் நடத்துபவருக்குப் பாதுகாப்பு தருகின்றன. உங்கள் காம்பவுண்டு சுவரில் ராத்திரி யாரோ அவதூறு போஸ்டர் ஒட்டினால் அது உங்கள் தப்பில்லை. தெரிந்த பிறகும் விட்டுவைத்தால், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கதை வேறு. சரி, எப்போது தெரிந்ததாகக் கணக்கு? ஐரோப்பாவில் போதுமான விவரத்தோடு வந்த புகாரே போதும். இந்தியாவில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி கோர்ட் உத்தரவோ அரசு அறிவிப்போ வேண்டும்.

என்னைக் கேட்டால், பெரிய ஆபத்து சொந்தக் கையால் செய்வதில்தான். பெற்றோர் அனுமதியில்லாமல் சிறுவர் விவரங்களைச் சேகரித்தது, தெரியாத்தனமாக வாங்க வைக்கும் பட்டன்களை வைத்தது என்ற புகார்களில், ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் 2022-ல் அமெரிக்காவில் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்தப் பட்டனை வைத்தது ஆட்டக்காரர் இல்லையே!

அப்புறம், விதிமுறையில் 'நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு வரி போட்டால் தப்பித்துவிடலாம் எனப் பலர் நம்புகிறார்கள். அது 'சம்மதம்' அழுத்திய ஆட்டக்காரரோடு செய்த ஒப்பந்தம் மட்டுமே, சட்டம் விதித்த கடமையை அது அழிக்காது.