கல்லூரிச் சீட்டுக்காகக் கடையை அடமானம் வைக்காதீர்கள்

மரியாதைக்குரிய ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டையிலிருந்து பேருந்து பிடித்து வந்து, மகனின் மேற்படிப்பைப் பற்றி இரண்டு மணி நேரம் என்னிடம் ஆலோசனை கேட்டுவிட்டுச் சென்றீர்கள். பையனின் கட்-ஆஃப் எதிர்பார்த்ததைவிடக் குறைந்துவிட்டதால் கலந்தாய்வில் கணினி அறிவியல் கிடைக்காது. ஆகவே சென்னையில் ஒரு கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கிவிடலாம். அதற்காகப் பாத்திரக் கடைக் கட்டடத்தின் பத்திரத்தை வங்கியில் வைத்துக்கொள்ளலாம் என்று தாய்மாமன் முடிவு செய்திருப்பதாகச் சொன்னீர்கள். அம்மா கண்கலங்கியதைப் பார்த்து, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நானும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினேன். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இந்த முடிவு தவறு. பத்திரம் வீட்டுப் பீரோவிலேயே இருக்கட்டும்.

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல், ரசீது இல்லாமல், ‘நன்கொடை’ என்ற பெயரில் ஒரு தொகையை இந்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992-லேயே வந்துவிட்டது. ரசீது இல்லாத பணத்தை, பையன் முதல் பருவத்திலேயே படிப்பை விட்டு வந்தாலும், நீங்கள் எந்த இடத்திலும் திரும்பக் கேட்க முடியாது. முப்பது ஆண்டுகள் கடையில் நின்று சேர்த்த ஒரே சொத்தை அப்படிப்பட்ட பணத்துக்கு ஈடாக வைப்பதை, உறவினர் யார் சொன்னாலும், என்னால் ஏற்க முடியவில்லை.

கணினி அறிவியலை நான் குறை சொல்லவில்லை. அதை விரும்பிப் படிப்பவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். உங்கள் மகனிடம் கணினியில் என்ன செய்யப் பிடிக்கும் என்று நான் மூன்று முறை கேட்டும் அவன் பதில் சொல்லாமல் என் மேசையிலிருந்த டிபன் டப்பாவின் மூடியைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கடிகாரம் போல ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள் இருந்த ஒரு சிறு வட்டத்தைக் காட்டி, அம்புக்குறி மூன்றிலும் நடுவில் 23 என்றும் இருப்பதால் இது 2023 மார்ச் மாதத்தில் வார்த்தது என்றான். மூடியின் ஓரத்தில் பிசிறு தட்டுவதைத் தடவிக் காட்டி, “மோல்டு தேய்ஞ்சிருச்சு சார்” என்றான். கடையில் வியாபாரத்தைப் பார்க்காமல் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பதே இவன் வேலை என்று நீங்கள் சலித்துக்கொண்டீர்கள். ஐயா, அன்று பேசிய இரண்டு மணி நேரத்தில் எனக்குப் பயன்பட்ட தகவல் அது ஒன்றுதான்.

மருத்துவம், பட்டயக் கணக்கர், கலை அறிவியல் கல்லூரி ஆகியவற்றை விளக்கப் போவதில்லை. அவற்றைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்லப்போவது மோல்டு செய்யும் தொழில். நீங்கள் விற்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் வாளிக்கும் மூடிக்கும் பின்னால், அதே வடிவத்தைக் குடைந்தெடுத்த ஓர் எஃகு அச்சு இருக்கிறது. உருகிய பிளாஸ்டிக் அதற்குள் அழுத்தத்தோடு பாய்ந்து, ஆறி, பொருளாக வெளியே வருகிறது. ஆறும்போது அது சுருங்கும். பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக் என்றால் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்கும் என்பதால், 300 மில்லிமீட்டர் மூடி வேண்டுமென்றால் அச்சை ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் பெரிதாகவே செய்ய வேண்டும். வாளியின் அடி குறுகி வாய் அகன்றிருப்பதற்கு, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் வசதி மட்டுமன்றி, அச்சிலிருந்து இழுபடாமல் கழன்று வர வேண்டும் என்ற தேவையும் காரணம். அடியில் நடுவே தெரியும் புள்ளி, பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த வாய்; உட்புறத்தில் காசளவு வட்டத் தடங்கள் இருந்தால் அவை பொருளை வெளியே தள்ளிய எஜெக்டர் பின்கள் பட்ட இடங்கள். இவ்வளவையும் வரைபடத்தில் முன்கூட்டியே யோசித்து, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் குடைந்து, கத்தி எட்டாத மூலைகளைச் செம்பு எலக்ட்ரோடு வைத்து மின்பொறியில் (ஸ்பார்க்) அரித்து, பொருளின் உட்புறத்தைத் தரும் ‘கோர்’, வெளிப்புறத்தைத் தரும் ‘கேவிட்டி’ என்ற அச்சின் இரு பாதிகளையும் பொருத்தி, மணிக்கணக்கில் பாலிஷ் போட்டு, டிரையல் எடுத்து, அதாவது சோதனைக்கு வார்த்துப் பார்த்து, தவறு கண்டுபிடித்து மறுபடியும் திருத்துவதுதான் மோல்டு செய்பவரின் வேலை. கணிதமும் கைத்திறனும் ஒருசேர வேண்டிய வேலை இது. உங்கள் மகனிடம் இரண்டும் இருக்கின்றன.

இதை முறையாகக் கற்றுத்தருவதற்கென்றே, மத்திய அரசின் இரசாயன, உர அமைச்சகத்தின் கீழ் சிப்பெட் என்ற நிறுவனம் இருக்கிறது. 1968-இல் சென்னை கிண்டியில் தொடங்கியது. மதுரையிலும் அதற்கு ஒரு மையம் உண்டு. பிளாஸ்டிக் மோல்டு டெக்னாலஜி என்ற மூன்றாண்டுப் பட்டயப் படிப்புக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதி. பிளஸ் டூ முடித்தவனைப் பத்தாம் வகுப்புப் படிப்பில் சேர்ப்பதா என்று மாமன் கேட்பார். கேட்கட்டும். பட்டயம் முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது. அப்படிச் சேர்ந்தால் பட்டம் வாங்க, நேரடியாகப் பி.இ. படிப்பவனைவிட இரண்டு ஆண்டுகள் கூடுதலாகும் என்பதை நான் மறைக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளுக்காக அவனுக்குப் பிடிக்காத நான்கு ஆண்டுகளை விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. தொடக்கச் சம்பளமும் பெரிதாக இருக்காது. கையில் எண்ணெய்க் கறை படியும். கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ளப் பெருமையான பதவிப் பெயரும் கிடைக்காது. இவை உங்களுக்கு உறுத்தினால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சொந்தமாகப் பட்டறை வைக்க வேண்டும் என்ற அவன் ஆசையையும் கேட்டேன். அதில் அவனிடமும் கண்டிப்பாக இருப்பேன்: படித்து முடித்த கையோடு இயந்திரம் வாங்கக் கூடாது. அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோவையிலோ அச்சு செய்யும் ஒரு டூல் ரூமில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வேலை பார்க்க வேண்டும். வேலைக்கு எப்படி விலை சொல்வது, டிரையலில் தவறினால் திருத்தும் செலவு யார் தலையில் விழும், பில் போட்ட பணம் எத்தனை மாதம் கழித்து வரும் என்பவை அங்கேதான் தெரியவரும். அதன் பிறகு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம். ‘நீட்ஸ்’ என்று அழைக்கப்படும் மாநில அரசின் திட்டம் 2012-13 முதல், முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கென்றே நடந்துவருகிறது. பட்டயம் பெற்றவர்களும் அதில் விண்ணப்பிக்கலாம். திட்ட மதிப்பில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 75 லட்சம் ரூபாய் வரை மானியமும், கடன் வட்டியில் 3 விழுக்காடு சலுகையும் உண்டு. பொதுப் பிரிவினர் 10 விழுக்காடும் சிறப்புப் பிரிவினர் 5 விழுக்காடும் தம் பங்காகப் போட வேண்டும். அந்தப் பங்குக்கும், வங்கி ஈடு கேட்டால் காட்டுவதற்கும் அன்று உங்கள் கடைப் பத்திரம் கடனில்லாமல் இருக்க வேண்டும். வேண்டாத ஒரு சீட்டுக்காக இன்றே அதைக் கொடுத்துவிட்டால், தேவைப்படும் நாளில் உங்கள் கையில் எதுவும் இருக்காது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு நாள் பையன் மட்டும் மதுரை மையத்துக்குப் போய்வரட்டும். நீங்களும் மாமனும் உடன் செல்ல வேண்டாம். இந்த ஆண்டு அங்கே என்னென்ன படிப்புகள், ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா, நுழைவுத் தேர்வுக்குக் கடைசி நாள் எது என்பவற்றை அவனே கேட்டு எழுதி வர வேண்டும். பட்டறையை எட்டிப் பார்க்க அனுமதித்தால் பார்த்துவிட்டு வரட்டும். திரும்பி வந்து, பிடிக்கவில்லை என்று சொன்னால் நானும் வற்புறுத்த மாட்டேன். வேறு வழிகளைப் பற்றிப் பேசலாம். அதுவரை அந்தக் கல்லூரிக்கு முன்பணம் கட்டாதீர்கள். மாமன் கோபித்துக்கொண்டால் என் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள், நானே பேசிக்கொள்கிறேன்.