கடலிலிருந்து 180 மீட்டரில் மனை: வீடு கட்டலாமா?

கேள்வி: கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே ஒன்றரை கிரவுண்டு மனை பார்த்திருக்கிறோம். கடல் 180 மீட்டர் தூரம். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, கிரயம் இன்னும் ஆகவில்லை. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருப்பதால் கவலையில்லை என்கிறார் தரகர். 25 அடியில் நல்ல தண்ணீர் இருக்கிறதாம். கடலோரத்துக்கு சல்பேட் ரெசிஸ்டிங் சிமெண்டும் எபாக்ஸி பூசிய கம்பியும் போட்டால் போதும் என்று மேஸ்திரி சொல்கிறார். அப்பா, அம்மா குடியிருக்க இரண்டு தளத்தில் வீடு கட்ட ஆசை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: சிமெண்டும் கம்பியும் அப்புறம். அந்த 180 மீட்டரை எங்கிருந்து அளந்தார்கள் என்று முதலில் தரகரிடம் கேளுங்கள். அலை வந்து போகும் இடத்திலிருந்து டேப் பிடித்திருந்தால் அந்த அளவுக்கு மதிப்பே இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் கணக்கில் எடுப்பது உயர் அலைக் கோட்டை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் தண்ணீர் நிலத்தில் எதுவரை எட்டுகிறதோ, அதுதான் அந்தக் கோடு. கரை தாழ்வாகச் சரியும் இடங்களில் அது நன்றாகவே உள்ளே தள்ளியிருக்கும். உங்கள் 180 அப்போது 150 ஆகிவிடலாம்.

இது ஏன் முக்கியம் என்றால், நகரமாக வளராத கடலோரம் மூன்றாம் வகை மண்டலத்தில் வருகிறது. 2011 அறிவிக்கையின்படி அங்கே உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. மீனவர் போன்ற பாரம்பரியக் கடலோர மக்களின் வீடுகளுக்கு மட்டும் 100 மீட்டருக்கு அப்பால் விலக்கு உண்டு. 2019 அறிவிக்கை இதைத் தளர்த்தியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதியில் தடை 50 மீட்டராகக் குறைந்தது. தரகர்கள் சொல்லிக்கொண்டு திரிவது இந்த 50-ஐத்தான். அதே பத்தியில் இருக்கும் நிபந்தனையைச் சொல்வதில்லை: புதிய விதிப்படி தயாரித்த கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்றிருந்தால்தான் 50 செல்லும், இல்லையென்றால் 200-தான். 200-ஐத் தாண்டினாலும் 500 மீட்டர் வரை கட்டுப்பாடு தொடர்கிறது. உயரம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, தரைத்தளத்தையும் சேர்த்து இரண்டு தளம்தான்.

டிடிசிபி அங்கீகாரம் வேறு, இது வேறு. கொச்சிக்குப் பக்கத்தில் மரடு என்ற ஊரில் நான்கு அடுக்குமாடி வளாகங்களை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்களே, அவற்றுக்கு உள்ளூர் பஞ்சாயத்து கட்டட அனுமதி கொடுத்திருந்தது. கடலோர விதியை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த அனுமதிக் காகிதம் எதையும் காப்பாற்றவில்லை.

ஆகவே சர்வே எண்ணைக் கொடுத்து, உங்கள் மனையை உயர் அலைக் கோட்டு வரைபடத்தின் மேல் பொருத்திக் காட்டும் சான்று வாங்குங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் இதற்கு அங்கீகாரம் பெற்றது. தடைப் பகுதிக்குள் வந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். தரகர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான். இன்னொன்று: அந்தப் பக்கத்தில் கடல் கிழக்கே மட்டும் இல்லை. மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் வடக்கே முட்டுக்காடு கழிமுகமும் இருக்கின்றன. அலை ஏறி இறங்கும் அந்த நீர்நிலைகளின் ஓரத்துக்கும் இதே மண்டல விதி உண்டு.

வரைபடம் சாதகமாக வந்தாலும் கரை அப்படியே நிற்கும் என்று நினைக்க வேண்டாம். நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் மட்டும் தெற்கே திரும்புகிறது. நடுவில் ஒரு கல் தடுப்பு எழும்பினால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் கரை கரைந்ததும், 1980-களின் இறுதியில் கட்டிய துறைமுகத்துக்குப் பின் புதுச்சேரி தன் மணற்கரையை இழந்ததும் இப்படித்தான். உங்கள் மனைக்குத் தெற்கே தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கல் சுவரோ இருக்கிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். பழைய செயற்கைக்கோள் படங்களை கூகுள் எர்த்தில் ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். குப்பத்தில் வயதான மீனவர் ஒருவரிடம் பேசினால் இன்னும் வேகமாகத் தெரிந்துவிடும்.

இதெல்லாம் தேறினால் கட்டடத்துக்கு வரலாம். உங்கள் வீட்டைத் தின்னப்போவது பெரும்பாலும் அலை இல்லை, காற்றில் வரும் உப்பு. குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊறிக் கம்பியைத் தொட்டதும் துரு ஆரம்பிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்து உரியும்.

இங்கேதான் உங்கள் மேஸ்திரியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. சல்பேட் ரெசிஸ்டிங் சிமெண்ட் பெயருக்கேற்ப சல்பேட்டைத் தாங்கும். ஆனால் குளோரைடைக் கட்டிப்போடும் சேர்மம் அதில் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கிறது. கடலோர வீட்டுக்கு பிபிசி எனப்படும் சாம்பல் கலந்த சிமெண்டோ, கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டோதான் என் தேர்வு. விலையும் குறைவு. எபாக்ஸி கம்பி கெட்டதில்லை, ஆனால் லாரியிலிருந்து இழுத்துப் போட்டு, மணலில் புரட்டி, வளைக்கும்போது பூச்சு சிராய்க்கும். சிராய்த்த இடத்தில் அரிப்பு குழி பறித்ததுபோல் ஒரே புள்ளியில் இறங்கும். அதைக் கண்காணிக்க ஆள் இல்லையென்றால் அந்தப் பணத்தைக் கான்கிரீட்டில் போடுங்கள்.

இந்தியத் தரம் ஐ.எஸ். 456 கடலோரச் சூழலை ‘கடுமை’ என்று வகைப்படுத்துகிறது. குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர், தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மிகாமல். கடல் தெளிப்பு நேரே படும் பாகங்களுக்கு எம்35, 50 மில்லிமீட்டர். வழக்கமாக ஸ்லாபுக்கு 20 மில்லிமீட்டர் விட்டுப் பழகிய கைகளுக்கு இது அதிகமாகத் தோன்றும். ‘எதுக்கு சார் இவ்வளவு’ என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டைச் சொருகுவது, கட்டுக்கம்பியின் முனையை வெளியே நீட்டி விடுவது, கலவை இறுகுகிறதென்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவது: பத்தாண்டில் வீடு வாய் பிளக்க இவை போதும். கவர் கூடும்போது உத்தரம், தூண் அளவுகளை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் திருத்த வேண்டும். மேஸ்திரி வேலையில்லை அது. உப்புக் காற்றில் முதலில் உதிர்வது சஜ்ஜா, பால்கனியின் அடிப்பக்கம், மாடிக் கைப்பிடி போன்ற ஒல்லியான உறுப்புகள். வடிவமைப்பிலேயே அவற்றைக் குறைத்துவிடுங்கள்.

கலவைக்கும் நனைப்பதற்கும் எந்தத் தண்ணீர்? கம்பி உள்ள கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நாக்கில் வைத்துப் பார்ப்பதை நம்பாமல் ஆய்வகத்தில் கொடுங்கள். இந்த வகைச் சிமெண்டை இரண்டு வாரமாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். கடல் மணல் ஒரு கூடைகூட உள்ளே வரக் கூடாது, பூச்சு வேலைக்கும்தான்.

25 அடித் தண்ணீர் இனிப்பாக இருப்பதில் வியப்பில்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை அது இருக்கும் என்பது பழைய கணக்கு. மேலே அரை மீட்டர் இறங்கினால் அடியில் உப்பு நீர் 20 மீட்டர் ஏறும். ஆழமாக போர் போட்டு மோட்டாரால் உறிஞ்சுவது உங்கள் கிணற்றை மட்டுமல்ல, பக்கத்து வீட்டாரின் கிணற்றையும் கெடுக்கும். 2011 விதிப்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ளூர் மக்களின் தேவை தவிர நிலத்தடி நீர் எடுக்கவே தடை உண்டு. வரைபடச் சான்று வாங்கும்போதே தண்ணீருக்கு என்ன வழி என்றும் கேட்டு வையுங்கள்.

சென்னைக் கரைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் என்று வைத்து வடிவமைக்க வேண்டும். மொட்டை மாடியில் தகரக் கூரை வேண்டாம். கடலைப் பார்த்த பெரிய கண்ணாடிக்கு ஆசைப்பட்டால் கண்ணாடியின் தடிமனைக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது. ஸ்டீல் கைப்பிடிக்கு 304 ரகம் பழுப்பேறிவிடும், 316 கேளுங்கள். ஏசியின் வெளி யூனிட்டைக் கிழக்குச் சுவரில் மாட்டாதீர்கள்.

கடைசியாக, சம்ப்பும் செப்டிக் டேங்கும். வடகிழக்கு மழையில் நிலத்தடி நீர் தரையை ஒட்டி வந்துவிடும். வெளி அளவில் 12 கன மீட்டர் உள்ள தொட்டியை அந்த நீர் 12 டன் விசையோடு மேலே தள்ளும். காலியாக இருந்தால் தொட்டி விரிசல் விட்டோ, பெயர்ந்தோ எழும்பும். அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே ஒரு அடி நீட்டிக் கட்டச் சொல்லுங்கள், அதன் மேல் படியும் மண் தொட்டியை அழுத்திப் பிடிக்கும். சுத்தம் செய்யும் வேலையை நவம்பரில் வைத்துக்கொள்ளாமல் மே மாதத்தில் முடித்துவிடுங்கள்.