கிட்டார் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று பார்த்து வாங்கலாமா? டெல்டா வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கும்பகோணம், கல்லூரி மாணவர்: அண்ணா, பார்க்க ஒரே மாதிரி ரெண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார். ஒன்று மெக்சிகோ ஃபெண்டர், இன்னொன்று இந்தோனேசியா ஸ்குவயர். விலையோ பல மடங்கு வித்தியாசம். நாட்டுக்கா இந்தக் காசு?

பதில்: நாட்டுக்கு இல்லை தம்பி. கைவேலைக்கும் உதிரிப் பாகங்களுக்கும்தான். ஃபெண்டருக்குக் கலிஃபோர்னியாவின் கொரோனா நகரில் ஒரு தொழிற்சாலை, மெக்சிகோவின் என்செனாடாவில் இன்னொன்று. ஸ்குவயர் அதே நிறுவனத்தின் குறைந்த விலைப் பிராண்டு. இந்தோனேசியா, சீனா என்று வெளித் தொழிற்சாலைகளில் கொடுத்துச் செய்கிறார்கள். உடலையும் கழுத்தையும் அறுப்பது எல்லா ஊரிலும் கணினி இயக்கும் இயந்திரம். வித்தியாசம் அதற்குப் பிறகு தொடங்குகிறது: கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளின் முனைகளை அரம் போட்டு மழுக்குவது, கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட் என்ற கட்டையின் பள்ளத்தை ஆழம் பார்த்து அறுப்பது, ஃப்ரெட்டுகளைச் சமப்படுத்துவது. இதெல்லாம் மனிதன் நேரம் கொடுத்துச் செய்கிற வேலை. விலை குறைந்தால் முதலில் குறைவது அந்த நேரம்தான். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், சுருதி சேர்க்கும் சாவி, ஸ்விட்ச் எல்லாம் அதற்கு அடுத்து.

சீரியல் எண்ணின் தொடக்கம் பார்த்தால் ஊர் தெரியும். இப்போதைய கிட்டார்களில் யுஎஸ் என்றால் அமெரிக்கா, எம்எக்ஸ் என்றால் மெக்சிகோ, ஐசிஎஸ் என்றால் இந்தோனேசியாவில் கோர்டெக் செய்த ஸ்குவயர். பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கழுத்தின் இரண்டு ஓரத்திலும் விரலை மேலிருந்து கீழாக இழுத்துப் பாருங்கள். ஃப்ரெட் முனை ரம்பம் மாதிரி உறுத்தினால், எந்த நாட்டு முத்திரையாக இருந்தாலும் கீழே வையுங்கள்.

திருவாரூர், மெல்லிசைக் குழு: ஒரே தொழிற்சாலையில் பல பிராண்டு செய்கிறார்களாமே, அப்போ எல்லாம் ஒரே தரம்தானே?

பதில்: முதல் பாதி சரி, இரண்டாவது பாதி தவறு. இந்தோனேசியாவில் கோர்டெக் நிறுவனம் தன் சொந்த கோர்ட் கிட்டாரோடு பிஆர்எஸ் எஸ்இ, ஐபனெஸ், ஸ்குவயர் எல்லாவற்றுக்கும் செய்து கொடுக்கிறது. சமையல்காரர் ஒருவரே, ஒரு கல்யாணத்துக்கு இத்தனை கிலோ முந்திரி என்று பட்டியல் தருவார்கள், இன்னொரு கல்யாணத்துக்கு முந்திரியே இருக்காது. மரத்தின் தரம், பிக்கப், எவ்வளவு பிசகு வரை ஏற்கலாம், எத்தனை கிட்டாரைத் திருப்பி அனுப்பலாம் என்பதெல்லாம் ஆர்டர் கொடுப்பவர் எழுதித் தருவது. அதனால் "எங்கே செய்தது" என்பதைவிட "எந்த விலை வரிசைக்காகச் செய்தது" என்று கேளுங்கள்.

மன்னார்குடி, மாணவனின் தந்தை: பையனுக்கு முதல் கிட்டார். இந்தியத் தயாரிப்பு வேண்டாம் என்கிறார் ஒருவர்.

பதில்: அப்படி ஒட்டுமொத்தமாக ஒதுக்க வேண்டியதில்லை ஐயா. யமஹா 2019 முதல் சென்னைக்கு அருகிலேயே தொழிற்சாலை நடத்துகிறது; அங்கே அகௌஸ்டிக் (மின்சாரம் இல்லாத) கிட்டாரும் செய்கிறார்கள். ஆரம்ப விலையில் வருவது பெரும்பாலும் பிளைவுட் முகப்புதான், எந்த நாட்டில் செய்தாலும். நம் ஊர் ஈரத்துக்கு முதல் கிட்டாராக அது நல்லதும்கூட, சீக்கிரம் வளையாது. முழுப் பலகையா என்று பார்க்க ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள்: முகப்பின் மரக்கோடுகள் விளிம்பின் கனத்திலும் தொடர்ந்து இறங்கினால் முழுப் பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட்.

கடையில் ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள். சுருதி சேர்த்த பிறகு 12-வது ஃப்ரெட்டின் மேலிருந்து தடித்த கம்பியின் அடி வரை 2.5 மி.மீ. அளவிலும், மெல்லிய கம்பிக்கு 2 மி.மீ. அளவிலும் இருக்கட்டும். 4 மி.மீ. இருந்தால் பிள்ளையின் விரல் புண்ணாகும், ஒரு மாதத்தில் கிட்டார் பரண் ஏறிவிடும். பிறகு 2-வது ஃப்ரெட்டுக்கும் 3-வது ஃப்ரெட்டுக்கும் நடுவே கம்பியை அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு முடியளவு இடைவெளிதான் தெரிய வேண்டும். அதிகம் தெரிந்தால் நட் தேவைக்கு மேல் உயரம். 12-வது ஃப்ரெட்டில் விரலை ஒட்டாமல் தொட்டு ஒலிக்கும் ஹார்மோனிக்கும் அழுத்தி ஒலிக்கும் ஸ்வரமும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். நட்டும் ஆக்‌ஷனும் (கம்பி உயரம்) சரிசெய்யக்கூடியவை. அந்தச் செட்டப்புக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். கழுத்து முறுக்கியிருந்தால் மட்டும் எந்தத் தள்ளுபடிக்கும் மயங்காதீர்கள்.

தஞ்சாவூர், வீணை கற்பவர்: வீணை என்றால் தஞ்சாவூர் என்கிறோம். கிட்டாருக்கு அப்படி ஊர் உண்டா?

பதில்: உண்டு அம்மா. மார்ட்டின் கிட்டாருக்குப் பென்சில்வேனியாவின் நாசரேத், ஜப்பானில் ஃபுஜிகென் கிட்டார் நிறுவனம் இருக்கும் மாட்சுமோட்டோ. அங்கெல்லாம் தலைமுறையாகக் கை பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஊர்ப் பெயர் வீணையில் சொல்கிற அளவுக்குக் கிட்டாரில் சொல்லாது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில் பலா மரத்தைத் தேர்வதும் குடைவதும், மெழுகில் ஃப்ரெட் போன்ற 24 மெட்டுகளைக் காதால் கேட்டு நிறுத்துவதும் ஆசாரியின் கை. மெட்டு பிசகினால் மெழுகை இளக்கி மறுபடி நிறுத்தலாம். கிட்டாரில் அது நடக்காது. கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்து முதல் ஃப்ரெட், மிச்சத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்து அடுத்தது என்று பள்ளம் அறுக்கிறார்கள், 648 மி.மீ. நீளத்துக்கு நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 36.4 மி.மீ. அது பிசகினால் விரல் பலகையையே மாற்ற வேண்டும். அதனால்தான் அந்த வேலையை இயந்திரத்திடம் விட்டார்கள். அது கிட்டாருக்கு நல்லதே.

மரம் காய்ந்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் இரண்டும் ஒன்று. நரசிங்கம்பேட்டையில் நாகசுரத்துக்குப் பழைய வீடுகளில் கிடந்த ஆச்சா மரத்தைத் தேடி எடுப்பது எதற்காக? பல பத்தாண்டு ஈரம் வெளியேறிய மரம் இனி அசையாது. நல்ல கிட்டார் தொழிற்சாலை சூளையில் காயவைத்து ஈரத்தை 6 முதல் 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, பிறகும் கிடப்பில் போட்டுவைக்கும். அவசரத்தில் அறுத்த மரம்தான் பின்னால் முறுக்குகிறது.

நாகப்பட்டினம், தேவாலயப் பாடகர் குழு: ஐப்பசி வந்தால் கம்பி மேலே தூக்கிக்கொள்கிறது, கோடையில் கரகரக்கிறது. தயாரிப்புக் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கிட்டாருக்கு ஏற்ற காற்று ஈரம் 45 முதல் 55 சதவீதம். அடைமழையில் நம் கடற்கரையில் அது 80-ஐத் தாண்டும். முகப்புப் பலகை ஈரம் குடித்து, கம்பிகள் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பக்கம் வயிறு தள்ளும், கம்பி உயரும். ஆனி, ஆடி மேல்காற்றிலும் ஏசி அறையிலும் பலகை சுருங்கி வயிறு இறங்கும், ஃப்ரெட் முனை வெளியே நீட்டும். முழுப் பலகை கிட்டாருக்கு இது கூடுதல்.

பலர் செய்யும் தவறு, மழைக்காலத்தில் பிரிட்ஜின் மேல் கம்பியைத் தாங்கும் சாடில் என்ற எலும்புத் துண்டைத் தேய்த்துவிடுவது. பலகை இறங்கியதும் கம்பி ஃப்ரெட்டில் மோதும். தேய்த்த எலும்பு திரும்பி வராது. முதலில் உறையில் சிலிகா ஜெல் பொட்டலமும் ஒரு சின்ன ஈரமானியும் போட்டு, இரண்டு வாரம் பொறுங்கள். பிறகு கழுத்தைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டில் தடித்த கம்பியை அழுத்தினால், 7-வது ஃப்ரெட்டில் 0.2 முதல் 0.3 மி.மீ. வரை, ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டு கனம், இடைவெளி வேண்டும். கூடுதலாக இருந்தால் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டை வலப்பக்கம் கால் சுற்று மட்டும் திருப்பி, சுருதி சேர்த்து, மறுபடி அளந்து பாருங்கள். இறுகிப்போய் நகராவிட்டால் பலம் கொடுக்காதீர்கள், ராட் அறுந்துவிடும். கழுத்து சரியாகியும் கம்பி உயரமாகவே இருந்தால்தான் சாடில்: 12-வது ஃப்ரெட்டில் 0.5 மி.மீ. குறைய, சாடிலில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும்.

உப்புக்காற்றுக்கு, வாசித்து முடித்ததும் கம்பியைக் காய்ந்த துணியால் அடியோடு துடையுங்கள். பூச்சுள்ள கம்பி விலை கூடுதல்தான், ஆனால் உங்கள் ஊரில் அந்தக் காசு வீணாகாது.

திருவையாறு: நம் பக்கத்து மரம் வெளிநாட்டுக் கிட்டாரில் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது, நிறைய. இந்திய ரோஸ்வுட் என்பது நம் ஈட்டி மரம். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானதும் மார்ட்டின் 1969-ல் இதற்கு மாறியது. இன்றும் உயர்ந்த விலைக் கிட்டார்களின் முதுகும் பக்கங்களும் பல இந்த மரம்தான்.

திருத்துறைப்பூண்டி: இங்கே கடை இல்லை, ஆன்லைனில்தான் வாங்க வேண்டும்.

பதில்: பெட்டி வந்ததும் திறப்பதைக் காணொளி எடுங்கள். ஒரு நாள் அறையில் வைத்துவிட்டு, சுருதி சேர்த்து, மன்னார்குடிக்காரருக்குச் சொன்ன அளவுகளை எடுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் எல்லா ஃப்ரெட்டையும் ஒன்றுவிடாமல் அழுத்தி மீட்டுங்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் அழுத்தும்போது மட்டும் கரகரத்தால், பெரும்பாலும் பிரிட்ஜ் பக்கம் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது. பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள், உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.