சிஸ்டர் பதில்கள்: ரெண்டு மணி அலாரமும் அப்பாவோட நெஞ்சும்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல, வீட்ல ஒருத்தரைப் படுக்கையில வச்சுப் பார்த்துக்கிறவங்க ராத்திரி முழிச்சு உட்கார்ந்து எழுதினது. எழுத்தைப் பார்த்தாலே தெரியுது, பாதி வரியில பேனா எங்கயோ போயிருக்கு. வார்டுல வேலை பார்த்துட்டு அப்புறம் நர்சிங் ஆராய்ச்சி பக்கம் போனவ நான், அதனால படிச்சதும் கையால செஞ்சதும் கலந்துதான் பதில் வரும்.

சிஸ்டர், மாமியாருக்கு ஸ்ட்ரோக் வந்து அஞ்சு மாசமா படுக்கையில இருக்காங்க. டிஸ்சார்ஜ் பண்றப்ப ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும்னு சொல்லிட்டாங்க. பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலுன்னு அலாரம் வச்சு எந்திரிக்கிறேன், பகல்ல நின்னுகிட்டே தூங்குறேன். ஒரு தடவை தவறிட்டா புண்ணு வந்துடுமா?

முதல்ல அஞ்சு மாசமா புண்ணு வராம பார்த்திருக்கீங்களே, அது சின்ன விஷயம் இல்லம்மா. இந்த ரெண்டு மணி நேரக் கணக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்றேன். டோரீன் நார்ட்டன்னு இங்கிலாந்துல ஒரு நர்ஸ், வயசானவங்க வார்டுல யாருக்கு படுக்கைப் புண் வருது, யாருக்கு வரலன்னு உட்கார்ந்து பார்த்து எழுதி 1962ல வெளியிட்டாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் புண்ணு வராம இருக்க ஸ்பிரிட் தடவு, பவுடர் போடுன்னுதான் ஓடிட்டு இருந்துச்சு. தடவுறதுல பெருசா ஒண்ணும் இல்ல, அடிக்கடி திருப்பிப் போடுறதுலதான் விஷயம் இருக்குன்னு காட்டினது அந்த ஆராய்ச்சி. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம்ங்கிறது கிட்டத்தட்ட வேதவாக்கு மாதிரி ஆயிடுச்சு, நாங்களும் பரீட்சையில அதைத்தான் எழுதினோம். ஆனா 2013ல நான்சி பெர்க்ஸ்ட்ராம்னு இன்னொரு நர்ஸ் (யாருக்கு புண்ணு வர வாய்ப்புன்னு மார்க் போடுற பிரேடன் அளவுகோல்னு ஒண்ணு இருக்கே, அதை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர்) அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்கள்ல 942 பேரை வச்சு 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு திருப்பிப் போடுற மூணு குரூப்பா பிரிச்சு மூணு வாரம் பார்த்தாங்க. எல்லாரும் படுத்திருந்தது நல்ல அடர்த்தியான ஃபோம் மெத்தையில. புண்ணு வந்த அளவுல மூணு குரூப்புக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல.

உடனே அலாரத்தை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு மாத்திடாதீங்க. மெத்தை முக்கியம், அப்புறம் மாமியார் எவ்வளவு மெலிஞ்சிருக்காங்க, ஈரத்துலயே படுத்திருக்காங்களா, தானா கொஞ்சமாவது அசையுறாங்களா, இதையெல்லாம் பார்த்துதான் முடிவு பண்ணணும். உங்க டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ "ராத்திரி மட்டும் இடைவெளியைக் கூட்டலாமா, மெத்தை மாத்தணுமா"ன்னு நேரடியா கேளுங்க. கேட்க வேண்டிய கேள்விதான் அது, சோம்பேறித்தனம் இல்ல.

கடிகாரத்தை விட தோலைப் பாருங்க. திருப்பும்போதெல்லாம் வால் எலும்பு, இடுப்பு, குதிகால், கணுக்கால் எல்லாத்துலயும் கை வச்சுப் பாருங்க. சிவந்த இடத்தை விரலால அழுத்தி எடுத்தா வெளுத்துட்டு மறுபடி சிவக்கணும், வெளுக்காம அப்படியே இருந்தா புண்ணு உள்ளுக்குள்ள ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். நம்ம மாதிரி கறுத்த தோல்ல சிவப்பு சட்டுனு தெரியாது, அதனால பக்கத்துத் தோலை விட சூடா இருக்கா, கல்லு மாதிரி இறுகியிருக்கா, கொழகொழன்னு இருக்கான்னு தடவித்தான் கண்டுபிடிக்கணும். அந்த இடத்தைத் தேய்ச்சு மசாஜ் மட்டும் பண்ணிடாதீங்க, நைஞ்சுபோன திசு இன்னும் நைஞ்சிரும். நடுவுல ஓட்டை இருக்குற வளையத் தலையணையும் வேண்டாம், சுத்தியுள்ள ரத்த ஓட்டத்தை அது அடைச்சிரும். திருப்பறதுன்னா முழுசா ஒருக்களிச்சுப் போடணும்னு இல்ல, முதுகுக்குப் பின்னாடி ஒரு தலையணை கொடுத்து லேசா சாய்ச்சா போதும். கெண்டைக்காலுக்கு அடியில ஒரு தலையணை வச்சு குதிகால் அந்தரத்துல நிக்கிற மாதிரி விடுங்க. மேல ஏத்திப் போடும்போது கக்கத்தைப் பிடிச்சு இழுக்காம, இடுப்புக்கு அடியில மடிச்ச பெட்ஷீட்டைப் போட்டு ரெண்டு பேரா தூக்குங்க, அந்த ரெண்டாவது ஆள் யாருன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க.

ஆஸ்பத்திரியில பெல் அடிச்சா நர்ஸ் அரை மணி நேரம் கழிச்சு வர்றாங்க. இதுக்கும் ஏதாவது ஆராய்ச்சி இருக்கா?

கோவமா கேட்டிருக்கீங்க, ஆனா இருக்கு. லிண்டா ஐக்கன்னு அமெரிக்காவுல ஒரு நர்சிங் ஆராய்ச்சியாளர் 2002ல வெளியிட்டது. ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய ஆபரேஷன் நோயாளிகள்ல ஒருத்தர் கூடினா, 30 நாளுக்குள்ள இறந்துபோற வாய்ப்பு 7 சதவீதம் ஏறுதுன்னு கணக்கு காட்டினாங்க. நூறு பேர்ல ஏழு பேர் கூடுதலா செத்தாங்கன்னு இல்ல, ஏற்கனவே இருக்குற வாய்ப்பு அந்த அளவு கூடுதுன்னு அர்த்தம். அடுத்த தடவை லேட்டா வர்ற சிஸ்டர்கிட்ட "இன்னைக்கு நீங்க எத்தனை பேரைப் பார்க்குறீங்க"ன்னு கேட்டுப் பாருங்க. புகார் எழுதுறதா இருந்தா அந்த நம்பரையும் சேர்த்து மேனேஜ்மென்டுக்கு எழுதுங்க.

அப்பாவுக்கு 74 வயசு, இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள் ராத்திரி டிரிப்ஸைப் பிடுங்கப் போனார், என்னைத் தன் தம்பின்னு நினைச்சுப் பேசினார், காலையில ஒண்ணுமே ஞாபகம் இல்லங்கிறார். புத்தி பேதலிச்சிருச்சோன்னு பயமா இருக்கு சிஸ்டர்.

இதுக்குப் பேர் டெலீரியம் தம்பி, திடீர்னு வர்ற மனக் குழப்பம். மறதி நோய் மெதுவா வரும், இது ஒரே ராத்திரியில வந்து ஏறி இறங்கும். ஆபரேஷன் ஆன வயசானவங்களுக்கு வர்றது ரொம்ப சகஜம், ஆனா சகஜம்னு விட்டுடக் கூடாது, பின்னாடி கிருமித் தொற்று, மருந்து, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், உடம்புல தண்ணி வத்துறதுன்னு ஏதாவது காரணம் இருக்கும். அதனால "நேத்து வரைக்கும் இப்படி இல்ல"ங்கிற வார்த்தையை டூட்டி நர்ஸ்கிட்ட இப்பவே சொல்லுங்க. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், சார்ட்டுல இருக்காது.

ஷாரன் இனோயேங்கிற டாக்டர் குழு 70 வயசுக்கு மேல 852 பேரை வச்சு 1999ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. வழக்கமான கவனிப்புல 15 சதவீதம் பேருக்கு டெலீரியம் வந்துச்சு, இவங்க திட்டத்துல 9.9 சதவீதம். என்ன பெரிய மருந்துன்னு பார்த்தா, கண்ணாடி போட்டு விடுறது, காது மெஷின் மாட்டுறது, தண்ணி குடிக்க வைக்கிறது, நடக்க வைக்கிறது, இன்னைக்கு என்ன கிழமைன்னு பேச்சுக்கு நடுவுல சொல்றது, தூக்க மாத்திரை இல்லாம ராத்திரி தூங்க விடுறது, அவ்வளவுதான். அப்பா கண்ணாடியும் பல்செட்டும் பத்திரமா இருக்கட்டும்னு நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பீங்க, முக்கால்வாசி பேர் அதைத்தான் செய்வாங்க. திரும்பக் கொண்டு வாங்க. தம்பின்னு கூப்பிட்டா சண்டை போடாதீங்க, "நான் உங்க பையன்ப்பா, ஆஸ்பத்திரியில இருக்கோம்"னு ஒரு தடவை சொல்லிட்டு கையைப் பிடிச்சுக்கோங்க.

என் வீட்டுக்காரருக்கு மறதி நோய், நாலு வருஷமா நான் ஒருத்திதான் பார்க்குறேன். ஒரே கேள்வியை நாப்பது தடவை கேட்கிறார். போன வாரம் கையை ஓங்கிட்டேன், அடிக்கல. அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன். சில நாள் இது முடிஞ்சா தேவலைன்னு தோணுது. நான் கெட்டவளா அக்கா?

இல்ல. இதுக்கு மேல இந்தக் கேள்விக்குப் பதில் இல்ல, மத்ததைப் பேசுவோம்.

நீங்க சோர்ந்துபோயிருக்கீங்க, அந்தச் சோர்வு மனசுல மட்டும் இருக்குற ஒண்ணு இல்ல. 1995ல ஒரு ஆராய்ச்சி, மறதி நோய் உள்ள சொந்தக்காரங்களைப் பார்த்துக்கிற 13 பெண்கள், அதே வயசுல அந்தப் பாரம் இல்லாத 13 பெண்கள், எல்லார் கையிலயும் மூன்றரை மில்லிமீட்டர்ல ஒரு சின்னக் காயம் போட்டு எப்ப ஆறுதுன்னு பார்த்தாங்க. பார்த்துக்கிறவங்களுக்கு ஆற ஒன்பது நாள் கூடுதலா ஆச்சு. தோலுக்கே தெரியுது பாருங்க. 1999ல ஷுல்ஸ், பீச்னு ரெண்டு பேர் வயசான தம்பதிகளை நாலு வருஷம் தொடர்ந்து பார்த்ததுல, துணையைப் பார்த்துக்கிட்டே அந்தப் பாரத்துல நசுங்கிப் போனவங்க இறந்துபோற வாய்ப்பு, அந்தப் பொறுப்பு இல்லாதவங்களை விட 63 சதவீதம் அதிகம்னு வந்துச்சு. ஆனா அதே ஆராய்ச்சியில, பார்த்துக்கிட்டாலும் அந்த அழுத்தம் இல்லாதவங்களுக்கு அப்படி ஏறல. நான் இதை வகுப்புல எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், ஒவ்வொரு தடவையும் அந்த ரெண்டாவது பாதியைத்தான் அழுத்திச் சொல்வேன், ஏன்னா அதுலதான் ஏதாவது செய்ய முடியும்.

என்ன செய்யலாம்? நியூயார்க்ல மேரி மிட்டல்மன் குழு, மறதி நோய் உள்ள கணவனையோ மனைவியையோ பார்த்துக்கிற 406 பேரை வச்சு வருஷக்கணக்கா நடத்தின ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. பார்த்துக்கிறவங்களோட தனியா ரெண்டு தடவை பேச்சு, குடும்பத்து ஆளுங்களையும் உட்கார வச்சு நாலு தடவை பேச்சு, அதுக்கப்புறம் எப்ப வேணும்னாலும் போன் பண்ணலாம். நோயாளிக்குப் புது மருந்து எதுவும் இல்ல. அதுக்கே நோயாளியை முதியோர் இல்லத்துல சேர்க்கிறது சராசரியா 557 நாள் தள்ளிப் போச்சு. அந்த நாலு தடவைதான் எனக்கு முக்கியமாத் தெரியுது. உங்க பிள்ளைங்க, நாத்தனார், கொழுந்தனார் யார் இருந்தாலும் கூப்பிட்டு உட்கார வைங்க. "எனக்கு உதவி பண்ணுங்க"ன்னு பொதுவா சொன்னா எல்லாரும் தலையாட்டிட்டுப் போயிடுவாங்க, "புதன் சாயங்காலம் நாலுலேருந்து ஏழு நீ, ஞாயித்துக்கிழமை குளிப்பாட்டுறது நீ"ன்னு பேர் போட்டுச் சொல்லுங்க. கை ஓங்குற மாதிரி வர்றப்ப அவரைப் பத்திரமா உட்கார வச்சுட்டு அடுத்த ரூமுக்குப் போய் அஞ்சு நிமிஷம் நில்லுங்க, அவர் நாப்பத்தோராவது தடவை கேட்கட்டும், பரவாயில்ல. நீங்களும் உங்களுக்காக டாக்டரைப் பாருங்க, அங்க போய் "முடிஞ்சா தேவலைன்னு தோணுது"ங்கிற அதே வார்த்தையை மாத்தாம சொல்லுங்க.

மூணு வயசுப் பொண்ணுக்கு சின்ன ஆபரேஷன். "பார்க்குக்குப் போறோம்"னு சொல்லிக் கூட்டிட்டுப் போகலாமா?

வேண்டாம், அப்புறம் நிஜமாவே பார்க்குக்குக் கூப்பிட்டாலும் அழும். ஒரு காலத்துல அப்பா அம்மாவை வார்டுக்குள்ளயே அதிகம் விடமாட்டாங்க, வந்து போனா குழந்தை அழுது ரகளை பண்ணுதுன்னு காரணம் சொல்வாங்க. ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ஒருத்தர், எட்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்த ரெண்டு வயசுக் குழந்தையை 1952ல படம் எடுத்துக் காட்டினார். குழந்தை முதல்ல அழும், அப்புறம் அடங்கிடும், "செட்டில் ஆயிடுச்சு"ன்னு எல்லாரும் நினைப்பாங்க, உண்மையில அது நம்பிக்கை விட்டுப்போன அமைதின்னு அவர் சொன்னார். 1959ல இங்கிலாந்துல, ஆஸ்பத்திரியில குழந்தைங்க நலனைப் பத்தி ஆராய்ஞ்ச பிளாட் கமிட்டி, பெத்தவங்க எப்ப வேணும்னாலும் வந்து பார்க்க விடணும்னு பரிந்துரை பண்ணுச்சு. அதனால கூட இருங்க, முந்தின நாள் பொம்மையை வச்சு சொல்லிக் கொடுங்க, வலிக்காதுன்னு சொல்லாதீங்க, "கொஞ்சம் வலிக்கும், நான் பிடிச்சுக்கிறேன்"னு சொல்லுங்க.

எடை குறைவா பிறந்த எங்க குழந்தையை நெஞ்சோட அணைச்சு வைக்கச் சொல்றாங்க. மனைவிக்கு இன்னும் முடியல. நான் வைக்கலாமா? என் நெஞ்சு பூரா முடி, குழந்தைக்கு உறுத்தாதா?

தாராளமா வைங்க தம்பி. இதுக்கு கங்காரு கவனிப்புன்னு பேர், 1978ல கொலம்பியாவுல பொகோட்டா நகரத்துல இன்குபேட்டர் பத்தாம ஆரம்பிச்சது. வேற வழியில்லாம செஞ்சதுதான், ஆனா 2021ல வெளியான ஆராய்ச்சியைப் பாருங்க. அஞ்சு நாட்டு ஆஸ்பத்திரிகள்ல 1 கிலோவுலேருந்து 1.8 கிலோவுக்குள்ள பிறந்த குழந்தைங்களை, நிலைமை சீராகட்டும்னு காத்திருக்காம பிறந்த உடனேயே நெஞ்சுல வச்சாங்க. 28 நாளுக்குள்ள இறந்தது 12 சதவீதம், காத்திருந்து வச்ச குரூப்புல 15.7. வித்தியாசம் அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சதால ஆராய்ச்சியையே பாதியில நிறுத்திட்டாங்க. அம்மாவால முடியாதப்ப அப்பா, பாட்டின்னு வேற ஒருத்தர் வச்சுக்கிறதும் அதுல சேர்த்தி.

முன்பக்கம் பட்டன் வச்ச சட்டை போடுங்க, செண்ட் அடிக்காதீங்க, குழந்தையோட தலை ஒரு பக்கமா திரும்பி மூக்கு வெளிய தெரியணும், கழுத்து மடங்கக் கூடாது, முதல் தடவை சிஸ்டரைப் பக்கத்துல நிக்க வச்சுக்கோங்க. ஒரு மணி நேரமாவது அசையாம இருக்க வேண்டி வரும், முன்னாடியே பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க. முடி ஒண்ணும் பண்ணாது, வாட்ச்சையும் செயினையும் கழட்டிடுங்க.