சூலூர்ப்பேட்டை பக்கத்துப் பையன், பையன்கள் மேல்தான் ஈர்ப்பு, அறிவியல் புனைகதைப் பைத்தியம்: எழுத்தாளன் ஆக எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் பெயர் போடவில்லை, நல்ல காரியம். பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியின் சுருக்கம்: வயது 16. ஆந்திர எல்லையில், ஸ்ரீஹரிகோட்டா பக்கத்தில் இருக்கும் சூலூர்ப்பேட்டையை ஒட்டிய ஊர். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும். ராக்கெட் கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பையன்கள் மேல்தான் ஈர்ப்பு என்பது தனக்குள் தெளிவாகிவிட்டது. வீட்டில் சொல்லிவிட்டு எழுதத் தொடங்குவதா, எழுதிப் பெயர் வாங்கிவிட்டுச் சொல்வதா?

இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். எழுத இன்றைக்கே உட்காரலாம். வீட்டில் சொல்வதற்குக் கெடு கிடையாது. சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் வீட்டை நம்பியிருக்கும் வரை அதைத் தள்ளிப்போடுவது கோழைத்தனமும் இல்லை. சாமுவேல் டிலேனி 1942-ல் நியூயார்க்கில் பிறந்தவர், தன்பாலீர்ப்பாளர். அவருடைய முதல் அறிவியல் புனைகதை நாவல் 1962-ல், இருபது வயதில் அச்சேறியது. தன் வாழ்க்கையை விரிவாகத் திறந்து எழுதிய தன்வரலாறு வந்தது 1988-ல். நடுவில் 26 வருஷம், அத்தனை வருஷமும் அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

முதல் தடை மொழி. தெலுங்கு வழியில் படித்த பையன்களின் தமிழ் கையெழுத்துப்படியில் தவறுகள் ஒரே இடத்தில்தான் குவிந்திருக்கும்: ர-ற, ல-ள-ழ, ந-ன-ண. இன்றைய தெலுங்கில் ழ கிடையாது, ற புழக்கத்தில் இல்லை. அதனால் அந்த இரண்டுக்கும் காது பழகியிருக்காது. "விண்கலத்தின் அரை" என்று எழுதினால் பாதிக் கலம் என்று அர்த்தம், "அறை" என்றால்தான் உள்ளே ஆள் உட்கார முடியும். இதற்குக் குறுக்குவழி இல்லை. நல்ல உரைநடையில் தினம் ஒரு பக்கம், மூன்று மாதம், கையால் பார்த்து எழுதுங்கள். வாரம் ஒருநாள் யாராவது வாசிக்க, பார்க்காமல் எழுதித் திருத்துங்கள். ஒற்று மிகும் இடம், மிகா இடம் பற்றி இப்போது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அதைப் பிழை திருத்துபவர் பார்த்துக்கொள்வார். அரை, அறையை அவர் கவனிக்காமல் விட்டால் கதையே மாறிவிடும்.

படிக்கப் புத்தகம் இல்லை என்ற புலம்பலுக்குப் பாதி மருந்து ரயில்தான். சூலூர்ப்பேட்டையிலிருந்து சென்னைக்குப் புறநகர் ரயில் ஓடுகிறது. எழும்பூரில் கன்னிமாரா, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். உள்ளே உட்கார்ந்து படிக்கலாம், நீங்கள் என்ன எடுத்தீர்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. போக முடியாத மாதங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஆண்களை மையமாக வைத்துத் தமிழில் கதை எழுதினால் மூன்றாவது பத்தியிலேயே இலக்கணம் காலை வாரும். இருவருமே "அவன்". ஒரு விண்வெளி நிலையக் காட்சி:

"குமார் அவன் கையுறையைக் கழற்றினான்."

யார் கையுறை? தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. "குமார் தன் கையுறையைக் கழற்றினான்" என்றால் தன்னுடையது. "தன்" என்பது எழுவாயைத்தான் பிடிக்கும். அதனால் "அவன் கையுறை" என்று எழுதியதுமே அது எதிரில் நிற்பவனுடையது என்றுதான் வாசகர் படிப்பார், நீங்கள் கதை முழுக்கத் தன்-அவன் வித்தியாசத்தைச் சிதறவிடாமல் காப்பாற்றியிருந்தால். ஒருவன் இன்னொருவனின் கையுறையைக் கழற்றிவிடுகிறான். உறவு என்ன என்று தனியாக விளக்க வேண்டிய அவசியமே இல்லை, ஒரு சொல் அந்த வேலையைச் செய்துவிட்டது. எழுதி முடித்ததும் "அவன்" என்று தேடி, ஒவ்வொன்றிலும் நின்று பாருங்கள். யாரைச் சொல்கிறது என்று இரண்டு நொடி யோசிக்க வைத்தால் பெயரைப் போடுங்கள், அல்லது வாக்கியத்தை மாற்றுங்கள்.

தன்மையிலும் முன்னிலையிலும் தமிழ் வினைக்குப் பால் கிடையாது. "நீ வருவாய் என்று தெரியும், அதனால் ஒரு உருளை ஆக்ஸிஜன் கூடுதலாக நிரப்பி வைத்தேன்." சொல்பவர் ஆணா பெண்ணா, கேட்பவர் யார், எதுவும் வெளியே தெரியாது. இந்த வசதி கைக்கு வந்ததும் பத்தில் ஒன்பது பேர் செய்வது, கடைசி வரியில் "இருவரும் ஆண்கள்!" என்று துணியை உருவிக் காட்டுவது. வேண்டாம். அது பழைய வித்தை. போதாததற்கு, உங்கள் வாழ்க்கையை அதிர்ச்சிச் சமாச்சாரம் ஆக்கிவிடுகிறது. முதல் பக்கத்திலேயே தெரியட்டும், மிச்சக் கதை ஆக்ஸிஜன் ஏன் தீர்கிறது என்பதைப் பற்றியதாக இருக்கட்டும். "அவர்" போட்டு மறைப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. நம் வீடுகளில் புருஷனை "அவர்" என்று சொல்வது பெண்டாட்டி. காதல் கதையில் "அவர் வந்தார்" என்று எழுதினால் சொல்பவளைப் பெண்ணாகவே வாசகர் வரித்துக்கொள்வார்.

எல்லையில் வளர்ந்தவருக்கு மட்டும் கிடைக்கிற ஒரு சரக்கும் இருக்கிறது. தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒரே வினைமுற்று: "ஆமெ வச்சிந்தி", "அதி வச்சிந்தி". தமிழ் வந்தாள், வந்தது என்று பிரித்தே ஆக வேண்டும் என்கிறது. மலையாளத்தில் வினையில் இந்தப் பேதமே இல்லை, எல்லாவற்றுக்கும் "வந்நு". ஆக, கலத்தின் கணினி எப்போது "அது"விலிருந்து "அவன்" ஆகிறது என்பது தமிழில் ஒரு நிகழ்ச்சி. அதைக் கதையில் ஒரே ஒருமுறை, தெரிந்து செய்யுங்கள். கவனக்குறைவால் மூன்றாம் பக்கத்தில் "வந்தது", ஐந்தாம் பக்கத்தில் "வந்தான்" என்று தள்ளாடுவதுதான் முதல் வரைவுகளில் வழக்கமாக நடப்பது.

வேற்றுக்கிரகவாசியை உங்களுக்கு உருவகமாக நிறுத்தும் ஆசை வரும். ஒரு கதைக்கு மேல் அது தாங்காது. பச்சைத்தோல் ஆள் எல்லாரிடமிருந்தும் ஒளிகிறான் என்று பாதி வாசித்ததுமே மீதி தெரிந்துவிடும்.

அறிவியல் பக்கம் உங்களுக்குப் பஞ்சமே இல்லை, ஸ்ரீஹரிகோட்டா மொட்டைமாடியிலிருந்தே தெரிகிறது. ஆனாலும் ஏவுதல் காட்சி எழுதும் முக்கால்வாசிப் பேர் வெளிச்சத்தையும் சத்தத்தையும் ஒன்றாக வரவழைத்துவிடுகிறார்கள். வரைபடத்தில் உங்கள் மாடிக்கும் ஏவுதளத்துக்கும் நேர்கோட்டுத் தூரத்தை அளந்து, கிலோமீட்டரை மூன்றால் பெருக்குங்கள். சத்தம் வந்துசேர அவ்வளவு விநாடி ஆகும். 22 கி.மீ. என்றால் ஒரு நிமிடத்துக்கும் சற்று மேலே. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. எக்ஸ்.எல். வகை ராக்கெட்டில் பக்கவாட்டில் ஆறு உந்து மோட்டார்கள். நான்கு தரையிலேயே பற்றும், மீதி இரண்டு சுமார் 25-ஆவது விநாடியில் வானத்தில் பற்றும். அந்த முதல் நான்கும் சுமார் 70-ஆவது விநாடியில் கழன்று விழும். அதாவது கிளம்பிய சத்தம் உங்கள் ஜன்னலை அதிரவைக்கும்போது வண்டி அவற்றை உதறிவிடத் தயாராக 20 கி.மீ.க்கு மேலே இருக்கிறது. மாடியில் இரண்டு பேர், வானம் செம்மஞ்சள், ஊர் சத்தமில்லாமல் அண்ணாந்து நிற்கிறது, ஒரு முழு நிமிடம். இங்கே வைக்க வேண்டிய உரையாடலை இடி இறங்கிய பிறகு வைத்தால் யாருக்கும் காதில் விழாது.

இஸ்ரோ ஒவ்வொரு ஏவுதலுக்கும் வெளியிடும் கையேட்டில் விநாடிவாரியான நிரல் இருக்கும், அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கைமேல் பறக்காமல் இருக்க வளைந்து செல்கிறது, அதற்கு எரிபொருள் வீணாகிறது. குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதற்கு அது ஒரு காரணம். ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாது. தீவில் ஏவுதளம் வருவதற்கு முன் யானாதிப் பழங்குடிகள் வாழ்ந்தார்கள். இதில் எதைத் தொட்டாலும் கதை, ஹூஸ்டனுக்குப் போகத் தேவையில்லை.

அடுத்தது கைப்பேசி. மாட்டிக்கொள்கிறவர்களில் பலரைக் காட்டிக்கொடுப்பது கதையில்லை, விசைப்பலகை. நீங்கள் அடிக்கடி தட்டும் சொல்லை அது கற்றுக்கொள்ளும். அம்மா "த" என்று தொடங்கினால் "தன்பாலீர்ப்பு" என்று எடுத்துக்கொடுக்கும். ஜிபோர்டு (கூகுளின் விசைப்பலகைச் செயலி) அமைப்புகளில் தனியுரிமை என்ற பகுதிக்குப் போய்க் கற்ற சொற்களை அழியுங்கள், தனிப்பயன் பரிந்துரைகளை நிறுத்துங்கள். எழுத்துக்குத் தனி மின்னஞ்சல், மீட்பு எண்ணாக அப்பாவின் எண் கூடாது. புனைபெயரில் சமூக ஊடகக் கணக்கு தொடங்கினால் தொலைபேசி எண் கொடுக்காதீர்கள், தொடர்புப் பட்டியலை ஒத்திசைக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். இல்லையென்றால் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று உங்களைச் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டும்.

சட்டம் சுருக்கமாக. உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு வயது வந்தவர்களின் தன்பாலுறவு குற்றமில்லை. 18-க்குக் கீழே உள்ள யாருடனும் பாலுறவு என்பது போக்சோ சட்டப்படி குற்றம், அது பையன்களையும் காக்கும் சட்டம். எழுத்துப் பயிற்சி தருகிறேன், தனியாக வா என்று கூப்பிடும் பெரியவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் போகாதீர்கள். "உன் ஈர்ப்பை மாற்றிவிடுகிறேன்" என்று மருத்துவர் யாராவது சொன்னால், அது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்திருக்கிறது. இது நாடு முழுவதற்கும் பொருந்தும். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த, காவல்துறைத் தொல்லையைத் தடுக்கும் உத்தரவுகள் தமிழ்நாட்டுக்கானவை. நீங்கள் திருப்பதி மாவட்டம், தமிழ்நாட்டு எல்லை ஊரான ஆரம்பாக்கம் தாண்டினால் கணக்கு வேறு. மனம் கனத்தால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் அடி உதை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

அனுப்புவது. முதல் கதை 2000 சொல்லுக்குள் இருக்கட்டும். யூனிகோடில் தட்டுங்கள். பழைய எழுத்துருவில் அனுப்பினால் ஆசிரியர் கணினியில் புரியாத ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும், திறந்த வேகத்தில் மூடிவிடுவார். ஒரு கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். மூன்று மாதம் பதில் இல்லையென்றால் ஒரு வரி கேட்டுவிட்டு அடுத்த இதழுக்கு நகருங்கள். சொல்வனம் போன்ற இணைய இதழ்கள் அறிவியல் புனைகதை வெளியிட்டிருக்கின்றன. 'அரூ' இதழ் அதற்கென்றே சிறுகதைப் போட்டி நடத்தியது. சென்னையில் குயர் சென்னை குரோனிக்கிள்ஸ் 2018 முதல் இலக்கிய விழா நடத்தியிருக்கிறது. தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட பாலியல் சிறுபான்மையினருக்கான 'ஓரினம்' தளத்தில் தமிழ்ப் படைப்புகள் கிடைக்கும். ஆங்கிலத்தில் எழுத வந்தால், எஸ்.எஃப்.டபிள்யூ.ஏ. என்னும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் 2019-ல் தொழில்முறை விகிதமாக வைத்தது சொல்லுக்கு 8 சென்ட், அந்தக் கணக்கில் 4000 சொல் கதைக்கு 320 டாலர். நல்ல இதழ் எதுவும் உங்களிடம் வாசிப்புக் கட்டணம் கேட்காது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை அனுப்பாதீர்கள், 2023 பிப்ரவரியில் அப்படிக் குவிந்ததால் கிளார்க்ஸ்வேர்ல்டு என்ற ஆங்கில அறிவியல் புனைகதை இதழ் வாசலையே சிலகாலம் மூடவேண்டி வந்தது. தமிழில் கதைக்குக் கிடைக்கும் பணத்தை நம்பி டிகிரியை விடாதீர்கள். "அச்சுச் செலவை நீங்கள் கொடுங்கள்" என்னும் பதிப்பாளருக்கு 12 கதை சேரும்வரை பதிலே போடாதீர்கள், சேர்ந்த பிறகும் போடாதீர்கள்.

புனைபெயர் வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வங்கிக் கணக்கு சொந்தப் பெயரில்தான் இருக்கும், பணம் வந்த குறுஞ்செய்தி கணக்கில் இணைத்த எண்ணுக்குப் போகும், அது பெரும்பாலும் அப்பாவுடையது. 18 ஆகும்வரை நிறுத்திவைக்கவோ, பணத்துக்குப் பதில் சந்தா தரவோ முடியுமா என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அச்சிதழ் என்றால் எழுதியவருக்கான பிரதி தபாலில் வரும். கிராமத்தில் தெரியாத பெயருக்கு வந்த கட்டைத் தபால்காரர் தெருவில் நின்று உரக்கப் படிப்பார். முகவரியில் புனைபெயர் வேண்டாம், சொந்தப் பெயரை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் சரிப்படாது என்றால் பிரதி வேண்டாம், பக்கத்தின் மின்படி போதும் என்று கதையோடு அனுப்பும் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.