ஆறு பென்ஸ் ஆட்டம்

கேள்வி: தென்னாப்பிரிக்க ஓவியர் ஜெரார்ட் செகோட்டோ, வறுமையில் வாடும் கருப்பின மக்களின் தெருக்களைப் பளிச்சென்ற வண்ணங்களில், ஆட்டமும் பாட்டுமாக வரைந்தாரே, அது அவர்களுடைய துயரத்தை மறைப்பது ஆகாதா?

பதில்: வாடும்! ஏழைகள் என்றால் வாடித்தான் ஆக வேண்டும் என்று ஏதாவது சட்டமா? எந்த ஓவியக் கண்காட்சிக்குப் போனாலும் கன்னத்தில் கை வைத்த கிழவி ஒருத்தி எனக்காகக் காத்திருக்கிறாள். வாட்டர் கலரில் இருக்கிறாள், கரியில் இருக்கிறாள், சமீபத்தில் காபித் தூளிலும் வந்துவிட்டாள். முகச் சுருக்கங்களை எண்ணித்தான் பரிசு தருகிறார்கள் போலிருக்கிறது. அவள் ஒரு நாளாவது கையை எடுத்து வெற்றிலை மடிக்கக் கூடாதா, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைக்குப் போகக் கூடாதா என்று ஒரு விமர்சகரிடம் கேட்டேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நல்லதுதான்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 'வாசலில் ஆறு பென்ஸ்' என்று செகோட்டோவின் படம் ஒன்று, பிரிட்டோரியாவை அடுத்த ஈஸ்ட்வுட்டில் இருந்தபோது வரைந்தது. கூடாரத்துக்குள் ஜூலு இனத்தாரின் ஆட்டம் நடக்கிறது, உள்ளே போக ஆறு பென்ஸ் (அந்தக் காலச் சில்லறைக் காசு) கட்டணம். ஆனால் ஆட்டம் நமக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் வெளியே மொய்க்கும் கூட்டம்தான். உள்ளே போகக் காசில்லை, விட்டுப் போகவும் மனசில்லை. டூரிங் டாக்கீஸ் தட்டியில் ஓட்டை தேடியவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. 'பிக்காசின் பாட்டு' இன்னொன்று. வரிசையாக நிற்கும் கூலிகள் ஒரே தாளத்தில் பிக்காசை ஓங்குகிறார்கள். மேற்பார்க்கும் வெள்ளைக்காரக் கங்காணி அவர்களுக்கு முன்னால் ஒல்லிக்குச்சியாகிவிடுகிறார். இதில் எது மறைந்திருக்கிறது?

நீங்கள் கேட்கிற வாட்டத்தை அவர் வரைந்து கொடுத்திருந்தால் அன்றைய வெள்ளையர் அரசாங்கம் பூரித்துப் போயிருக்கும். சோபியாடவுனைச் சேரி என்று சொல்லித்தானே இடித்தார்கள்? ஜோகன்னஸ்பர்க்கில் கருப்பர்கள் சொந்தமாக மனை வைத்திருக்க முடிந்த அபூர்வமான பேட்டை அது. 1955 பிப்ரவரி 9 அன்று 2,000 போலீசாரோடு வந்து ஜனங்களை லாரியில் ஏற்றி மெடோலாண்ட்ஸ் என்ற வேறொரு குடியிருப்பில் இறக்கினார்கள். இடித்த இடத்தில் வெள்ளையர் குடியிருப்பு. அதற்கு 'டிரையோம்ஃப்', அதாவது வெற்றி என்று பெயர் வேறு! பழைய பெயர் திரும்பி வர 2006 ஆயிற்று. செகோட்டோ வரைந்த சோபியாடவுனின் மஞ்சள் வீடுகள் மட்டும் கலைக்கூடச் சுவரில் பத்திரமாக இருந்தன. 1940-ல் வரைந்தது, அதே ஆண்டு ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடம் வாங்கியது. ஒரு கருப்பின ஓவியரிடம் அவர்கள் வாங்கிய முதல் படம் அதுதான்.

ஆள் 1947-லேயே பாரிஸுக்குப் போய்விட்டார். மதுக்கூடத்தில் பியானோ வாசித்துக் காலம் தள்ளினார். 1993-ல் பிரான்ஸிலேயே இறந்தார், ஊர் திரும்பவே இல்லை. 1989-ல் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. எங்கள் தெருவிலும் ஒரு கௌரவ டாக்டர் இருக்கிறார். எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன் என்கிறார்.