கார் இல்லாம, கம்மி செலவுல வேல்ஸ்ல மலையேற எந்த ஊர்ல தங்கலாம்?

கார்டிஃப்ல படிக்கிறேன், கார் இல்ல, ஒரு சனி ஞாயிறு மலை ஏறணும், ஆனா ஹோட்டலுக்குத் தண்டம் அழ முடியாதுன்னு கேட்டிருக்கீங்க. நிறைய பேர் பிரெக்கனுக்குப் போங்கன்னு சொல்வாங்க, பென் எ வான் மலை (886 மீட்டர்) பக்கத்துல இருக்குல்ல. ஆனா அங்க ரயிலே கிடையாது, பஸ்ஸை நம்பித்தான் எல்லாம். என்னைக் கேட்டா அபர்கவெனி. கார்டிஃப்ல ரயில் ஏறினா முக்கால் மணி நேரத்துக்குள்ள வந்துடும், ஊரைச் சுத்தி மூணு மலை, ஸ்டேஷன்ல இருந்தே நடந்து போயிடலாம்.

சுகர் லோஃப் 596 மீட்டர், ஓக் காட்டுக்குள்ள நிதானமா ஏறும், முதல் நாளுக்கு அதுதான் சரி. எனக்குப் பிடிச்சது பிளாரெஞ்ச், 561தான், ஆனா மூச்சு வாங்க வச்சிடும். அஸ்க் ஆத்துப் பாலத்தைத் தாண்டி லான்ஃபாய்ஸ்ட் சர்ச் பக்கம் போனா ஒரு சின்ன சுரங்கப்பாதை வரும், குனிஞ்சு போற மாதிரி ஈரமா இருட்டா இருக்கும், தலைக்கு மேல கால்வாய் ஓடுது! அந்தக் காலத்துல மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிளேனவன்ங்கிற ஊர்ல இருந்து இரும்பைத் தள்ளுவண்டில இறக்கி இங்கதான் படகுல ஏத்தினாங்க, நாம ஏறுறதும் அந்த வண்டிப் பாதையைத்தான், செங்குத்துன்னா அப்படி ஒரு செங்குத்து. மேல ஃபாக்ஸ்ஹன்டர்னு ஒரு குதிரையோட நினைவிடம் இருக்கு, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல பிரிட்டனுக்குத் தங்கம் வாங்கிக் குடுத்த குதிரை அது. கால்ல தெம்பு இருந்தா அந்தப் பக்கம் பிளேனவன்ல பிக் பிட் நிலக்கரிச் சுரங்க மியூசியமும் பாருங்க, 90 மீட்டர் கீழ லிஃப்ட்ல இறக்குவாங்க, தீப்பொறி பயத்துல போன், பேட்டரி வாட்ச் எல்லாத்தையும் மேலயே வாங்கி வச்சுக்குவாங்க.

மூணாவது ஸ்கிரிட், 486 மீட்டர். கொஞ்சம் தள்ளி இருக்கு, ரோட்டோரமா நடக்கணும், நேரம் இருந்தா மட்டும் போங்க.

தங்க பங்க்ஹவுஸ் தேடுங்க. ஒரே ரூம்ல அடுக்குக் கட்டில், பொது கிச்சன், சில இடத்துல ஈர ஷூ காயப்போட தனி ரூமே இருக்கும், இந்த ஊர் மழைக்கு பிரேக்ஃபாஸ்டை விட அதுதான் முக்கியம். போர்வை தருவாங்களா, ஸ்லீப்பிங் பேக் நாமளே கொண்டு போகணுமான்னு புக் பண்றப்பவே கேட்டுடுங்க. சூப்பர்மார்க்கெட் ஊருக்குள்ளயே இருக்கு, சமைச்சு சாப்ட்டா செலவு பாதியாயிடும். டென்ட் கொண்டு போனா கேம்ப்சைட்லதான் போடணும், நிலத்துக்காரங்க அனுமதி இல்லாம மலை மேல போட சட்டத்துல இடம் இல்ல.

சந்தை பாக்கணும்னா செவ்வாய்க்கிழமை வாங்க. செப்டம்பர்ல ஃபுட் ஃபெஸ்டிவல் நடக்கிற வாரக்கடைசி மட்டும் வேணாம், ஊரே நிரம்பி வழியும், கம்மி விலைல ஒரு கட்டில் கூட தேறாது.